பில்லில் கடைசி ஆள்

செப்டம்பர் 22ஆம் தேதியிலிருந்து ஏ.சி. விலை பத்து சதவீதம் குறைந்துவிட்டது என்று கடற்கரையில் என்னோடு காலை நடக்கிற நண்பர்கள் எல்லோரும் சொன்னார்கள். பத்து குறையவில்லை. குறைந்தது 7.8 சதவீதம். இதைச் சொன்னதும் ஒருவர் என்னை மத்திய அரசுக்கு எதிரானவன் என்றார், இன்னொருவர் கடைக்காரர்களின் ஆள் என்றார். இரண்டும் இல்லை, இது வெறும் கணக்கு.

2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி., 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி., பாத்திரம் கழுவும் மிஷின் ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. ஒரு ஏ.சி.யின் அடிப்படை விலை 32,000 ரூபாய் என்று வையுங்கள். 28 சதவீதம் வரி 8,960. மொத்தம் 40,960. அதே ஏ.சி.க்கு 18 சதவீதம் வரி 5,760. மொத்தம் 37,760. குறைந்தது 3,200 ரூபாய். நாம் கொடுத்துக்கொண்டிருந்த 40,960இல் பத்து சதவீதம் என்றால் 4,096 குறைந்திருக்க வேண்டும். வரி அடிப்படை விலையின் மேல் போடப்படுகிறது. நாம் பார்ப்பது வரி சேர்ந்த விலையை. 128இல் 10 போனால் பத்து சதவீதம் ஆகாது. அவ்வளவுதான் விஷயம். என்னைத் திட்டிய நண்பர் மறுநாள் ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட்டு வந்து காபி வாங்கிக் கொடுத்தார்.

ஃப்ரிட்ஜ், வாஷிங் மிஷின், மிக்ஸி, கீசர், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றுக்கு இந்தச் சலுகை இப்போது வந்ததல்ல. அவை 2017 ஜூலையில் 28இல் தொடங்கி, 2018 ஜூலை 27ஆம் தேதியே 18க்கு வந்துவிட்டன. ஆகவே "வரி குறைந்தது, ஃப்ரிட்ஜ் வாங்கலாம்" என்று இந்தத் தீபாவளிக்கு யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அவர் ஏழு வருஷம் பின்தங்கியிருக்கிறார், அல்லது கடை வைத்திருக்கிறார்.

இவற்றில் என் மனதுக்கு நெருக்கமானது கிரைண்டரின் கதை. கல் வைத்த வெட் கிரைண்டர், அதாவது நம் இட்லி மாவு கிரைண்டர், 2017 ஜூலையில் 28 சதவீதத்தில் இருந்தது. அந்த நவம்பரில் 12க்கு இறக்கினார்கள். 28இலிருந்து 12க்கு அன்றைக்கு இறங்கிய பட்டியலில் அதற்குத் துணையாக இருந்தது ராணுவ டாங்கி. நம் வீட்டுக் கிரைண்டரும் போர் டாங்கியும் ஒரே பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில். பிறகு 2019 அக்டோபரில் 5 சதவீதம் ஆனது. 2022 ஜூலையில் ஒரே தாவலில் 18. இட்லி அதே இட்லிதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு வரியும் வீட்டுச் சாமானும் எப்போதும் சேர்ந்தே ஞாபகம் வரும். நேரு வீதியில் டி.வி. பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போன விழுப்புரம், கடலூர்க்காரர்களை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இங்கே விற்பனை வரி குறைவு, அதனால் விலை குறைவு. கல்யாணச் சீருக்கு ஃப்ரிட்ஜ் வாங்கப் பஸ் ஏறி வந்தார்கள். எல்லையில் சோதனைச் சாவடி இருந்ததால், பெட்டியைப் பிரித்து அட்டையை இங்கேயே போட்டுவிட்டு, பழைய சாமான் போல வேட்டியில் சுற்றிக் கொண்டுபோவதும் உண்டு. கோரிமேட்டுச் சாவடியில் ஒரு கல்யாண வேனில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவே வேட்டி சுற்றிய டி.வி. உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பெண்ணைவிட டி.வி.க்குத்தான் அதிகப் பாதுகாப்பு.

அந்தக் காலம் ஒரே நாளில் போகவில்லை. 2000 ஜனவரியிலிருந்து விற்பனை வரிக்கு இதற்குக் கீழே போகக்கூடாது என்று மாநிலங்கள் ஓர் அடித்தள விகிதம் வைத்துக்கொண்டன. 2007இல் தமிழ்நாட்டிலும் இங்கேயும் வாட் வந்தது. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்ததும் எல்லைச் சாவடியும் போயிற்று, வித்தியாசமும் போயிற்று. இன்று சென்னையில் 18 என்றால் இங்கேயும் 18, காரைக்காலிலும் 18. பெட்ரோலும் மதுவும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் இன்னும் நம்மைத் தேடி வருவது எதற்கு என்பது உங்களுக்கே தெரியும். ஃப்ரிட்ஜுக்கு அல்ல.

இந்த வரியின் மூலம் பிரான்ஸ் என்பது இளையவர்கள் பலருக்குத் தெரியாது. மொரீஸ் லோரே என்ற பிரெஞ்சு வரி அதிகாரி யோசித்தது. 1954 ஏப்ரல் 10ஆம் தேதி அங்கே சட்டமானது. அதே வருஷம் நவம்பர் 1ஆம் தேதிதான் புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது. பிரெஞ்சில் படித்த எங்களுக்கு இதை டே.வே.ஆ. என்று பள்ளியிலேயே சொல்லித் தந்தார்கள். எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு ரொட்டி வரைவார். கோதுமைக்காரன் மாவு மில்லுக்கு விற்கிறான், மில் ரொட்டிக் கடைக்கு விற்கிறது, ரொட்டிக் கடை நமக்கு விற்கிறது. ஒவ்வொருவனும் தான் கொடுத்த வரியைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் அரசாங்கத்துக்குக் கட்டுகிறான். கடைசியில் ரொட்டியைத் தின்கிறவன் யாரிடமும் எதையும் கழிக்க முடியாது. அவன் பெயர் 'கொன்சொமத்தேர்', நுகர்வோன். ஆசிரியர் அந்தச் சொல்லின் கீழே இரண்டு கோடு போடுவார்.

சொந்த வீட்டில் குடியிருக்கும் நாம் அந்த ரொட்டி தின்கிறவன். சமீபத்தில் நான் பேசிய ஓய்வூதியர்களில் பலர் "வீட்டுக்கு வாங்கின ஏ.சி.யை வருமான வரியில் காட்டலாமா?" என்று கேட்டார்கள். காட்ட முடியாது. நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வாங்கினாலும் கீசர் மாட்டினாலும் வருமான வரியில் ஒரு பைசா கழிவு கிடையாது. பழைய முறையில் இருப்பவர்களுக்கு வீட்டுக் கடன் வட்டியில் வருஷத்துக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டு. அது வீட்டுக்கு, வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்கு அல்ல. இன்னும் ஒன்று: 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வரியே வராது. நம்மில் பெரும்பாலோர் அதற்குள் அடங்கிவிடுவோம். ஆக, வருமான வரியில் நாம் இல்லாமல் போய்விட்டோம், கடை பில்லில் மட்டும் இருக்கிறோம். மாதம் முப்பதாயிரம் பென்ஷன்காரரும் கோடீஸ்வரரும் கவுண்டரில் ஒரே 18 சதவீதம்தான் கொடுக்கிறார்கள். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் இந்த வரியின் குணமே அதுதான்.

எனக்குத் தெரிந்து ஒரு தடவை வருமான வரியே நம் சாமான் பில்லைக் கையில் வாங்கிப் பார்த்தது. கொரோனா வருஷத்தில், 2020 அக்டோபர் 12ஆம் தேதி, எல்.டி.சி. பண வவுச்சர் திட்டம் என்று ஒன்று அறிவித்தார்கள். ஊர் சுற்றப் போக முடியாத ஊழியர்கள், பயணக் கட்டணத்தின் மூன்று மடங்குக்கு 12 சதவீதமோ அதற்கு மேலோ ஜி.எஸ்.டி. உள்ள பொருட்களை வாங்கினால், அந்தக் கட்டணத்துக்கு வரி விலக்கு. ஜி.எஸ்.டி. எண் உள்ள பில் வேண்டும், பணமாகக் கொடுக்கக் கூடாது, 2021 மார்ச் 31க்குள் வாங்க வேண்டும். நான் அதற்குள் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆனால் என் பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் பில்லைக் கொண்டுவந்து காட்டி "சார், இது செல்லுமா?" என்று கேட்டார்கள். ஒருவர் பில்லில் ஜி.எஸ்.டி. எண்ணே இல்லை. 'எஸ்டிமேட்' என்று மேலே அச்சடித்திருந்தது. அது பில் இல்லை தம்பி, அது கடைக்காரரின் கடிதம் என்றேன்.

பிரான்ஸில் குடியேறிய என் வகுப்புத் தோழர் அங்கே வேறு மாதிரி என்கிறார். சாதாரண விகிதம் 20. ஆனால் கட்டி இரண்டு வருஷத்துக்கு மேலான வீட்டில், பதிவு பெற்ற தொழிலாளி வந்து பொருளோடு சேர்த்துப் பழுதோ சீரமைப்போ செய்து பில் கொடுத்தால் 10 சதவீதம், ஆற்றலை மிச்சப்படுத்தும் வேலை என்றால் 5.5. அதே பொருளை அவரே கடையில் வாங்கிவந்தால் 20. எல்லாச் சாமானுக்கும் இது கிடையாது. ஃப்ரிட்ஜுக்கு அங்கேயும் 20தான். ஆனால் வீட்டோடு சேர்கிற வேலையையும் வீட்டுக்குள் வந்து போகிற சாமானையும் அவர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள். இங்கே அப்படிப் பிரிவு இல்லை. ஏ.சி. மாட்டும் கூலிக்கும் செம்புக் குழாய்க்கும் கூட, மாட்டுபவர் பதிவு பெற்றவர் என்றால், 18தான். நம் தெரு எலெக்ட்ரீஷியன் போன்ற சிறிய ஆள், வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருப்பவர், ஜி.எஸ்.டி. போட வேண்டியதில்லை. போட உரிமையும் இல்லை.

கடையில் நம்மால் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது. 'எக்ஸ்சேஞ்ச்' என்ற பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஃப்ரிட்ஜைக் கொடுத்தால் மூவாயிரம் கழிவு என்பார்கள். வரி கழிவுக்கு முந்தைய முழு விலைக்குத்தான் போடப்படும். ஜி.எஸ்.டி. விதியிலேயே இதற்கு ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள்: பழைய போனைக் கொடுத்து, மேலே 20,000 கட்டிப் புது போன் வாங்குகிறீர்கள், பழையது கொடுக்காமல் வாங்கினால் அதன் விலை 24,000, வரி 24,000க்குத்தான். ஆனால் பில்லிலேயே தள்ளுபடி என்று எழுதிக் கழித்தால் வரியும் சேர்ந்து குறையும். பில்லில் 2,000 ரூபாய் குறைத்தால் கடைக்காரர் கையிலிருந்து போவது 1,695தான். மீதி 305 வரியில் குறைகிறது. அதனால் பழைய சாமானைப் பழைய இரும்புக் கடைக்குத் தனியாகப் போட்டுவிட்டு, கடையில் பில்லிலேயே தள்ளுபடி கேட்டால் அவருக்கும் கொடுக்க மனம் வரும். வங்கி அட்டையில் பிறகு வரும் கேஷ்பேக்குக்கு வரி குறையாது, முழுத் தொகைக்குக் கட்டியாகிவிட்டது. 'வட்டியில்லாத் தவணை' என்பதிலும் வங்கி கணக்கில் வட்டி என்று ஒன்று இருக்கும். அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மாதாமாதம் உங்கள் அட்டைக் கணக்கில் ஏறும். சிறிய தொகைதான். ஆனால் அறிக்கையில் அதைப் பார்த்துப் பதறி எனக்குப் போன் செய்தவர்கள் மூன்று பேர்.

இன்னொன்று, நம் ஊர்ப் பாசத்தில் சொல்வது. பில்லில் இருக்கும் 18இல் பாதி மத்திய அரசுக்கு, பாதி நம் புதுச்சேரி அரசுக்கு. சென்னையில் போய் வாங்கினால் அந்தப் பாதி தமிழ்நாட்டுக்குப் போய்விடும் என்று ஒரு காலம் இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் சட்டம் மாறியிருக்கிறது. ஜி.எஸ்.டி. எண் இல்லாத சாதாரண வாடிக்கையாளரின் முகவரி பில்லில் எழுதப்பட்டால், விற்பனை அந்த முகவரியில் நடந்ததாகக் கணக்கு. மாநிலத்தின் பெயரை எழுதினாலே போதும். ஆகவே தி.நகரில் வாங்கினாலும் 'புதுச்சேரி' என்று எழுதச் சொல்லுங்கள். நமக்கு ஒரு ரூபாய் கூடவோ குறையவோ போவதில்லை. நம் ஊர் ரோட்டுக்குப் போகலாம். அல்லது போகாமலும் இருக்கலாம், அது வேறு கட்டுரை.

வீட்டை விற்கும்போது சாமான் கணக்கு என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாம் சொந்தமாக உபயோகித்த ஃப்ரிட்ஜும் கட்டிலும் மூலதன ஆதாய வரிக்குள் வராது. அதே காரணத்தால் அவற்றின் விலையை 'வீட்டை மேம்படுத்திய செலவு' என்று சேர்க்கவும் முடியாது. சுவரோடு தரையோடு சேர்ந்த வேலை, மாடி எடுத்தது, குழாய், மின் இணைப்பு மாற்றியது, இவற்றைச் சேர்க்கலாம், பில் இருந்தால். இருபது வருஷத்துக்கு முன் மாடி எடுத்த பில் எவ்வளவு பேரிடம் இருக்கிறது? ஏ.சி. வாரண்டி அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறோம். மேஸ்திரிக்குக் கொடுத்த நாலு லட்சத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

இப்போது அக்கா விஷயத்துக்கு வருகிறேன். நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

எங்கள் தெருவில் கணவர் போய்த் தனியாக இருக்கும் அக்கா ஒருவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். குடும்பப் பென்ஷன்தான் வருமானம். மாடியைச் சாமான்களோடு வாடகைக்கு விடலாம் என்று முடிவு செய்தார். ஆறு மாதம் பிரான்ஸிலும் ஆறு மாதம் இங்கேயும் இருக்கிற ஒரு தம்பதி கேட்டிருந்தார்கள். இரண்டு ஏ.சி. வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை.

அக்காவின் தம்பி மகன் தொழில் செய்கிறவன். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுத் திணறினால் காரை எடுத்துக்கொண்டு வருகிறவன் அவன் ஒருவன்தான். அக்காவின் மகள் ரீயூனியனில் இருக்கிறாள். அவள் வந்து சேர மூன்று நாள் ஆகும். அந்தப் பையன் சொன்னானாம்: "அத்தை, என் கம்பெனி ஜி.எஸ்.டி. நம்பர்ல வாங்கிடறேன். வரி எனக்குத் திரும்பி வந்துடும். நீங்க வரி இல்லாத விலைய மட்டும் கொடுங்க."

ஆயுத பூஜைக்கு முதல் நாள் அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தாளில் கணக்கு எழுதியே வைத்திருந்தார்.

"ரெண்டு ஏ.சி.க்கு அறுபத்து நாலாயிரம். வரி பதினோராயிரத்து ஐந்நூத்து இருபது. அது மிச்சம். என் மருந்துக்கு ரெண்டு மாசம் வரும் தம்பி. தப்பா?"

"தப்புதான் அக்கா."

"எல்லாரும் செய்யறாங்களாமே."

எல்லோரும் செய்கிறார்கள் என்பது உண்மையாகவே இருக்கலாம். நான் அதற்குள் போகவில்லை. கம்பெனி எண்ணில் வாங்கியது கம்பெனி வேலைக்கு அல்லாமல் யாருடைய வீட்டுக்கோ போனால், அந்த வரியைத் திரும்ப எடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. கண்டுபிடித்தால் எடுத்ததைக் கட்ட வேண்டும். அதற்கு வருஷத்துக்கு 18 சதவீதம் வட்டி, மேலே அபராதம். கட்டப்போவது அக்கா அல்ல, அந்தப் பையன். இதைச் சொன்னேன். அக்கா பேசாமல் இருந்தார்.

பிறகு அக்காவின் பக்கத்தைச் சொன்னேன். பில் கம்பெனி பெயரில் இருக்கும். ஏ.சி.யின் கம்ப்ரசர் நாலாவது வருஷம் போனால் வாரண்டி கேட்டுப் போகிறவர் யார்? பல தயாரிப்பாளர்களின் வாரண்டி அட்டையில், வணிக உபயோகத்துக்கு வாரண்டி இல்லை அல்லது குறைவு என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. கம்பெனி பெயரில் பில் என்றால் முதல் கேள்வியே அதுதான். நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்றால், 2019 சட்டப்படி வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே அல்ல. நான் முன்னே சொன்ன கரும்பலகைச் சொல்லை நினைத்துக்கொண்டேன். கழிவு கிடைக்காத கடைசி ஆளுக்குக் கிடைக்கிற ஒரே உரிமை, ஏமாந்தால் வழக்குப் போடுவது. பதினோராயிரத்துக்கு அதை விற்றுவிடுகிறோம். வாடகைக்கு விடப்போகிற வீடு என்பதால் நாளைக்கு அக்காவிடமும் அந்தக் கேள்வி வரலாம். ஆனால் அப்போது அவர் தன் பெயரில் உள்ள பில்லோடு பேசுவார், இன்னொருவர் பில்லோடு அல்ல.

"வாடகைக்கு விடறதால வருமான வரியில இந்த ஏ.சி.ய கழிக்கலாமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. வீட்டு வாடகை என்று வாங்கினால், அதில் கட்டிய வீட்டு வரியைக் கழித்துவிட்டு, மீதியில் 30 சதவீதம் தானாகக் கழிவு. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், புது ஏ.சி. மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் அதே 30தான். தனியாகச் செலவு காட்ட முடியாது. வீட்டுக்கு ஒன்று, சாமானுக்கு ஒன்று என இரண்டு வாடகையாக எழுதினால், சாமான் வாடகை 'இதர வருமானம்' ஆகும். அங்கே 30 கிடையாது. பதிலாகச் சாமானின் விலையில் வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம், முதல் வருஷம் 180 நாளுக்குக் குறைவாக உபயோகித்திருந்தால் அதில் பாதி. வீட்டையும் சாமானையும் பிரிக்கவே முடியாத மாதிரி சேர்த்து விட்டிருந்தால், முழு வாடகையும் இதர வருமானத்துக்குப் போய்விடலாம். ஒப்பந்தம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்வார்கள். நம் வசதிக்கு நாமே வைத்துக்கொள்ளும் பெயர் செல்லாது.

அக்காவின் கணக்கில் இரண்டு ஏ.சி. 75,520 ரூபாய். 15 சதவீதம் 11,328. அது வரி அல்ல, வருமானத்திலிருந்து கழியும் தொகை. மாதம் 25,000 வாடகைக்கு வருஷம் 3 லட்சம். வீட்டு வாடகையாகவே காட்டினால் 30 சதவீதம் ஏறக்குறைய 90,000 கழிகிறது. இரண்டில் எது பெரிது என்று பார்க்கக் கண்ணாடி தேவையில்லை. அதோடு பென்ஷனும் வாடகையும் சேர்ந்தாலும் 12 லட்சத்தின் பக்கத்தில் கூட அக்கா வரமாட்டார். அதனால் வருமான வரியில் இந்த பில்லால் அவருக்கு ஒரு ரூபாயும் வராது என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப பதினோராயிரம் போனது போனதுதானா?"

"போனதுதான் அக்கா."

இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். அவருக்கு உறுத்தியது பணம் இல்லை என்று பிறகுதான் புரிந்தது. அந்தப் பையனிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? "என் மேல நம்பிக்கை இல்லையா அத்தை" என்று கேட்டுவிடுவான். ராத்திரி இரண்டு மணிக்கு வேறு யார் இருக்கிறார்கள்? நான் ஸ்கூட்டர் ஓட்டுவதையே விட்டுவிட்டேன். இதற்கு எந்தச் சட்டப் பிரிவிலும் பதில் இல்லை, நானும் சொல்ல முயலவில்லை.

அக்காவே அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாராம். சாப்பாடு முடிந்ததும் சொன்னாராம்: "எனக்கு ஒரு பதினோராயிரம் மிச்சமாகி, அதுக்காக உனக்கு ஒரு நோட்டீஸ் வந்துச்சுன்னா, உங்கப்பன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" அவன் ஒன்றும் சொல்லவில்லையாம். கை கழுவிவிட்டுப் போய்விட்டான்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் நானும் அக்காவும் கடைக்குப் போனோம். பழைய ஜன்னல் ஏ.சி.யை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவில்லை, பழைய இரும்புக் கடைக்குப் போட்டாயிற்று. பில்லிலேயே தள்ளுபடி கேட்டோம். இரண்டுக்கும் சேர்த்து 4,000 குறைத்தார்கள். பில்லில் அக்காவின் பெயர், முகவரி, புதுச்சேரி என்ற சொல், வெளியிலும் உள்ளேயும் இருக்கும் இரண்டு பெட்டிகளின் வரிசை எண்கள், எல்லாம் இருக்கிறதா என்று கவுண்டரில் நின்றே படித்துப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி ஒரு தடவை படித்தார்.

ஏ.சி. மாட்ட ஆள் வந்த அன்றைக்கு மாடி ஏணி பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்தப் பையன் வரவில்லை. அவன் டிரைவர் வந்து பிடித்தான்.